மணியும் வாக்கும்: ஸ்பானிய மொழியில் நேரம் சொல்லுதலும் சந்திப்புக் குறித்தலும்

ஸ்பானிய மொழிப் பாடநூல் எதைத் திறந்தாலும் முதல் சில பாடங்களுக்குள் ஒரு கடிகாரப் படம் வந்துவிடும். எண்களைக் கற்ற கையோடு மாணவர் மணி சொல்லப் பழகுகிறார். அடுத்த பாடம் உணவகத்துக்கோ கடைத்தெருவுக்கோ போய்விடுகிறது. பின்னர் ஒருநாள் அவர் மாட்ரிட்டில் மருத்துவரைப் பார்க்க நேரம் கேட்கிறார், மெக்சிகோ நகரில் நண்பர் வீட்டு விருந்துக்குப் போகிறார், புவெனஸ் அயர்ஸ் அலுவலகம் ஒன்றைத் தொலைபேசியில் அழைக்கிறார். கற்ற இலக்கணத்தில் பிழை ஏதும் இல்லை. ஆனாலும் எத்தனை மணிக்குப் போய் நிற்பது என்பதில் அவருக்கு ஐயம் வந்துவிடுகிறது.

ஸ்பானிய மொழி 20 நாடுகளில் அரச மொழியாக வழங்குகிறது. அதைத் தாய்மொழியாகப் பேசுவோர் 50 கோடியை ஒட்டி இருக்கிறார்கள். இவ்வளவு பரந்த மொழியில் ஒருவரோடு ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ள என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கடிகார எண், பொழுதின் பெயர், சொன்ன நேரத்துக்குப் பேசுபவர் எவ்வளவு கட்டுப்படுகிறார் என்பதைக் காட்டும் சொல் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஸ்பானிய மொழியில் ஒரு நேரம் முழுமையாகிறது. பாடநூல்கள் முதலாவதை நன்றாகச் சொல்லித் தருகின்றன. இரண்டாவதைத் தொட்டுவிட்டுப் போகின்றன. மூன்றாவதை அநேகமாக விட்டுவிடுகின்றன. ஸ்பானிய மொழி பேசுவோர் நேரம் தவறுபவர்கள் என்ற பெயர் நிலைத்திருப்பதற்கு இந்த விடுபடலும் ஒரு காரணம்.

கடிகார எண்

மணி கேட்க ஸ்பெயினில் 'கே ஓரா எஸ்?' என்பார்கள். அமெரிக்கக் கண்டத்தின் பல நாடுகளில் அதையே பன்மையில் 'கே ஓராஸ் சோன்?' என்று கேட்பதும் உண்டு. விடையில் ஒரு மணிக்கு மட்டும் ஒருமை: 'எஸ் லா ஊனா'. இரண்டு முதல் பன்னிரண்டு வரை பன்மை: 'சோன் லாஸ் தோஸ்', 'சோன் லாஸ் த்ரெஸ்'. மணி என்னும் சொல்லை வாக்கியத்தில் சொல்வதே இல்லை. ஆனால் அச்சொல் ஸ்பானிய மொழியில் பெண்பால் என்பதால் 'லா', 'லாஸ்' என்ற சுட்டுச்சொற்கள் அதன் இடத்தைக் காத்து நிற்கின்றன.

'மூன்று மணி ஆகிறது' என்பதற்கும் 'மூன்று மணிக்கு' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழில் ஒரு வேற்றுமை உருபு காட்டிவிடுகிறது. ஸ்பானியத்தில் அந்த வேலையை எண்ணுக்கு முன்னால் வரும் 'ஆ' செய்கிறது: 'ஆ லாஸ் த்ரெஸ்'. கூட்டம், திருமணம், பந்தயம் போன்ற நிகழ்ச்சிகள் எத்தனை மணிக்கு என்று சொல்ல, 'ஆகு' என்ற பொருள் தரும் அதே வினை போதும். 'நடைபெறும்' என்று தனியாக ஒரு வினையைத் தேட வேண்டியதில்லை.

கால் மணிக்கு 'இ குவார்த்தோ', அரை மணிக்கு 'இ மேதியா'. இரண்டே கால், இரண்டரை என்று பழகியவர்களுக்கு இதுவரை தடையில்லை. முக்காலில்தான் வழி பிரிகிறது. தமிழர் கடந்த மணியோடு கூட்டி இரண்டே முக்கால் என்பார்கள். ஸ்பெயின்காரர் வரப்போகும் மணியிலிருந்து கழித்து 'லாஸ் த்ரெஸ் மேனோஸ் குவார்த்தோ', அதாவது மூன்றில் கால் குறைவு, என்பார். அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் இதே கழித்தல்தான். மெக்சிகோ, நடு அமெரிக்கா, கரீபியன் தீவுகள், ஆண்டிஸ் மலைநாடுகள் ஆகியவற்றில் கழிப்பதைவிட மீதத்தைச் சொல்வதே பெருவழக்கு. 'ஃபால்தான் தியேஸ் பாரா லாஸ் த்ரெஸ்' என்றால் மூன்றாக இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்று பொருள். தமிழ்ப் பேச்சு வழக்குக்கு இந்த அமைப்பு அப்படியே பொருந்துவதால், நம் மாணவர்கள் இதை விரைவில் பிடித்துக்கொள்ள முடியும். ஆனால் இந்தியாவில் புழங்கும் பாடநூல்கள் பெரும்பாலும் ஸ்பெயின் வழக்கையே முதலில் வைக்கின்றன.

ஸ்பெயினுக்குள்ளேயே கத்தலான் மொழி முற்றிலும் வேறு கணக்கை வைத்திருக்கிறது. நடந்துகொண்டிருக்கும் மணியில் எத்தனை கால் கடந்தது என்று எண்ணுவது அதன் மரபு. இரண்டரை மணியை, மூன்றாம் மணியில் இரண்டு கால் ஆயிற்று என்று சொல்வார்கள். பார்சலோனாவில் இரு மொழியும் பேசும் ஒருவர், ஒரே நாளில் ஒரே நேரத்தை இருவேறு கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார். மணிமுள் எங்கும் ஒரே இடத்தில் நின்றாலும் அதை எப்படிப் பார்ப்பது என்பது ஊர் வழக்கம்.

பொழுதின் பெயர்

ரயில், விமானம், திரையரங்கு, அரசு அறிவிப்பு ஆகியவற்றில் 24 மணிக் கணக்கே வழங்குகிறது. பேச்சில் 12 மணிக் கணக்குத்தான். ஆகவே எண்ணோடு பொழுதைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. நள்ளிரவு முதல் விடியல் வரை 'மத்ருகாதா', விடிந்தபின் 'மன்யானா', பிற்பகலும் மாலையும் சேர்ந்து 'தார்தே', இருட்டியபின் 'நோச்சே'. இவற்றுக்கு நடுவே 'மெதியோதீயா' என்னும் நண்பகல். இப்பெயர்களை மனப்பாடம் செய்வது எளிது. எல்லை எங்கே என்று அறிவதுதான் கடினம்.

ஸ்பெயினில் காலை என்பது மதிய உணவு வரை நீள்கிறது. உணவு நேரமோ இரண்டு மணிக்கு மேல். பகல் ஒரு மணிக்குக் கடைக்குள் நுழைபவர் அங்கே காலை வணக்கத்தைக் கேட்டால் வியக்க வேண்டியதில்லை. பகல் பன்னிரண்டைக் 'காலை பன்னிரண்டு' என்று சொல்வதும் அங்கே இயல்பு. இதை நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டால் பேருந்தைத் தவறவிட நேரும். கடிகாரத்தில் மணியாகக் குறிக்கும் நண்பகல் ஒரு கணம். பேச்சில் வரும் 'மெதியோதீயா' உணவு முடியும் வரை படர்ந்து நிற்கும் பொழுது. 'மதியம் இரண்டு மணி' என்று நாம் சொல்வது போலவே அவர்களும் சொல்கிறார்கள்.

மாலைக்கும் இரவுக்கும் இடையிலுள்ள எல்லையைச் சூரியன் வகுக்கிறது. ஸ்பெயினில் எட்டு மணியைத் 'தார்தே'யில் சேர்ப்பது பரவலான வழக்கம். கோடையில் அந்நேரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய கொலம்பியாவிலும் எக்வடாரிலும் ஆண்டு முழுவதும் ஆறு, ஆறரைக்கு இருட்டிவிடுவதால் ஏழு மணியே இரவு ஏழுதான். இருவரும் தத்தம் வானத்தைப் பார்த்தே பேசுகிறார்கள்.

ஸ்பெயினின் பொழுதுகள் இவ்வளவு பிந்திப்போனதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1900 ஜூலையில் வந்த அரச ஆணை ஒன்று, 1901 ஜனவரி 1 முதல் கிரீன்விச் நேரத்தை நாட்டுக்குப் பொதுவாக்கியது. ரயில், அஞ்சல், தந்தி ஆகியவற்றுக்கு ஒரே நேரம் தேவைப்பட்டதே காரணம். 24 மணிக் கணக்கும் அதே ஆணையில்தான் வந்தது. கிரீன்விச் கோடு ஸ்பெயினின் கிழக்குப் பகுதியூடாகவே செல்வதால் அந்த நேரம் நாட்டுக்குப் பொருந்தியும் இருந்தது. 1940 மார்ச்சில் ஃபிராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, ஜெர்மனி உள்ளிட்ட நடு ஐரோப்பாவின் நேரத்தோடு இணைத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் அதைத் திருப்பி வைக்கவில்லை.

அதன் விளைவை இன்றும் காணலாம். கோடைக்கால நேரமும் சேர்ந்துகொள்வதால், மாட்ரிட்டில் ஜூலை மாதம் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் பிற்பகல் 2.15-ஐத் தாண்டியிருக்கும். மேற்கு முனையிலுள்ள வீகோ நகரில் அது 2.40-ஐத் தொடும், அங்கே ஜூன் இறுதியில் சூரியன் மறைய இரவு பத்து மணிக்கு மேலாகும். இரண்டரைக்கு மதிய உணவு என்பது கடிகாரத்தில் தாமதமாகத் தெரிந்தாலும், சூரியனை வைத்துப் பார்த்தால் உச்சிப் பொழுதுச் சாப்பாடுதான். ஆனால் இரவு உணவு ஒன்பது, பத்து மணிக்குத் தள்ளிப்போனதைச் சூரியனைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. நடுவே நீண்ட இடைவேளை விட்டு வேலை நாளை இரண்டாகப் பிரிக்கும் முறைக்கும், உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய வறுமையில் பலர் காலையில் ஒரு வேலையும் மாலையில் மற்றொரு வேலையும் பார்த்ததற்கும் அதில் பங்கு உண்டு. 2013-ல் நாடாளுமன்றக் குழு ஒன்று பழைய நேரத்துக்குத் திரும்பப் பரிந்துரைத்தது, மாற்றம் நிகழவில்லை.

கனேரித் தீவுகள் மட்டும் தலைநிலத்தைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கின்றன. வானொலியில் மணி சொல்லும்போதெல்லாம் 'கனேரியில் ஒரு மணி குறைவு' என்று சேர்த்துச் சொல்வது நாட்டின் அன்றாட ஒலிகளில் ஒன்றாகிவிட்டது. தீவுக்காரர்களோடு இணையவழிச் சந்திப்புக் குறிப்பவர்கள் 'தலைநில நேரம்' என்று தெளிவுபடுத்திக்கொள்வார்கள். அட்லாண்டிக்குக்கு அப்பால் நேரம் அரசியலாகவும் ஆனது. வெனிசுலா 2007 டிசம்பரில் கடிகாரத்தை அரை மணி பின்னுக்குத் தள்ளி, 2016 மே மாதம் திரும்ப முன்னால் வைத்தது. மெக்சிகோ 2022-ல் நாட்டின் பெரும்பகுதியில் கோடைக்கால நேரத்தைக் கைவிட்டது. ஸ்பெயின் அதைத் தொடர்வதால், மாட்ரிட்டுக்கும் மெக்சிகோ நகருக்கும் உள்ள இடைவெளி ஆண்டின் ஒரு பகுதியில் ஏழு மணி, மறு பகுதியில் எட்டு மணி.

சந்திப்பைக் குறித்தல்

நேரம் சொல்லத் தெரிந்தவர் அடுத்துக் கற்க வேண்டியது, சந்திப்பின் வகைக்கு ஏற்ற சொல். மருத்துவர், வழக்கறிஞர், அரசு அலுவலகம் ஆகிய இடங்களில் முன்பதிவு செய்யும் சந்திப்பு 'சீத்தா'. ஸ்பெயினில் வசிப்பிட உரிமை, அடையாள அட்டை, வரி அலுவலகம் என எதற்குப் போனாலும் 'சீத்தா ப்ரேவியா', அதாவது முன்கூட்டிப் பெற்ற நேரம், இருக்கிறதா என்றே முதலில் கேட்பார்கள். வெளிநாட்டிலிருந்து குடியேறுபவர் வாழ்க்கையில் இந்தச் சொல்லுக்கு உள்ள கனம் பெரிது. காதலர் சந்திப்புக்கும் அதே சொல்தான் வழங்குகிறது.

ஸ்பெயினிலும் சிலியிலும் மருத்துவரிடம் 'ஓரா' கேட்பதும் உண்டு. அர்ஜென்டினாவில் மருத்துவரிடம் போவதற்கு 'தூர்னோ' வாங்குவார்கள். முறை, வரிசை என்ற பொருளுடைய சொல் அது. புவெனஸ் அயர்ஸ் மருத்துவமனையில் 'சீத்தா' என்று கேட்டாலும் புரிந்துகொள்வார்கள். ஆனால் கேட்பவர் வெளியூர்க்காரர் என்பது உடனே தெரிந்துவிடும்.

நண்பர்கள் சந்திப்பதற்கு ஸ்பெயினில் 'கெதார்' என்ற வினை. 'எத்தனை மணிக்குக் கெதாமோஸ்?' என்றால் எப்போது சந்திப்போம் என்று பொருள். தங்குதல், எஞ்சுதல் என்ற பொருளும் உள்ள இவ்வினை இங்கே இருவர் ஓர் உடன்பாட்டில் நிற்பதைக் காட்டுகிறது. 'ஏற்கனவே ஒருவரோடு கெதார் செய்திருக்கிறேன்' என்பது அழைப்பை மறுப்பதற்கு மரியாதையான, போதுமான காரணம்; யாரோடு, எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. சொன்ன இடத்துக்கு வராமல் போனவர் மற்றவரை 'நட்டுவிட்டுப் போனார்' என்பார்கள். காத்திருந்தவர் செடிபோல் அங்கேயே நின்றார் என்பது உட்கிடை. அந்தச் சொல்லிலுள்ள கடுமையே, உடன்பட்ட நேரத்தை இம்மக்கள் எவ்வளவு பெரிதாக எண்ணுகிறார்கள் என்பதற்குச் சான்று.

அலுவலகத்தில் பேசும்போது மரியாதைப் பன்மைக்கு நிகரான 'உஸ்தெத்' வேண்டும். 'நான்கு மணி உங்களுக்கு வசதிப்படுமா?' என்று கேட்கும் வாக்கியத்திலும் வினை மாறுகிறது. ஸ்பெயினில் 'நன்றாக வருமா' என்னும் அமைப்பு. மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் 'நன்றாக நிற்குமா' என்னும் அமைப்பு.

கிழமைகளில் இன்னொரு நுட்பம் உண்டு. கிழமைப் பெயருக்கு முன் ஒருமைச் சுட்டு வந்தால் அந்த ஒரு நாள். பன்மைச் சுட்டு வந்தால் வாரந்தோறும். வாரக் கணக்கில் முதல் நாளையும் சேர்த்து எண்ணுவது பழைய வழக்கு. 'எட்டு நாளில்' என்றால் அடுத்த வாரம் இதே கிழமை. 'பதினைந்து நாள்' என்றால் இரண்டு வாரம். திங்களன்று பேசுபவர் 'இன்றிலிருந்து எட்டில்' என்று மெக்சிகோவில் சொன்னால் அடுத்த திங்களைத்தான் சொல்கிறார். விரல்விட்டு எண்ணிச் செவ்வாயன்று போய் நின்றால் சந்திப்பு முடிந்திருக்கும். 'மன்யானா' என்பது காலையையும் நாளையையும் குறிப்பதால், நாளைக் காலை என்பதற்கு அச்சொல்லை இருமுறை சொல்ல வேண்டியிருக்கிறது.

இறுக்கமும் நெகிழ்வும்

இனிப் பாடநூல்கள் விட்டுவிடும் மூன்றாவது பகுதி. 'ஆ லாஸ் ஓச்சோ' என்றால் எட்டு மணிக்கு. அதோடு 'என் பூந்தோ' சேர்ந்தால் சரியாக எட்டு மணிக்கு, தாமதத்துக்கு இடமில்லை. எண்ணுக்கு முன் 'சோப்ரே' அல்லது 'ஆ ஏசோ தே' வந்தால் எட்டு மணியளவில். அர்ஜென்டினாவின் பேச்சு வழக்கில் 'தீப்போ ஓச்சோ' என்பதும் அதே பொருள்தான். எண்ணுக்குப் பின் 'இ பீக்கோ' வந்தால் எட்டு மணிக்கு மேல் கொஞ்சம். எட்டுக்கு முன்னால் என்ற பேச்சுக்கே இடமில்லை. பல நாடுகளில் நண்பர்கள் 'ஓரா இங்லேசா', அதாவது ஆங்கிலேயர் நேரம், என்று சொல்லித் தாமதம் கூடாது என்பதைத் தெளிவுபடுத்துவார்கள். அதற்கு எதிரான நெகிழ்ந்த நேரத்துக்கு மெக்சிகோவில் 'மெக்சிகோ நேரம்', பெருவில் 'பெரு நேரம்' என்று தங்கள் நாட்டுப் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

மெக்சிகோவின் 'அஓரீத்தா' இந்த வரிசையில் தனித்துப் பேசத்தக்கது. இப்போது என்ற சொல்லின் செல்லக் குறுக்கம் அது. இந்த நொடியே என்றும் பொருள்படும், இன்னும் சற்று நேரத்தில் என்றும் பொருள்படும். சிலவேளை இப்போதைக்கு இல்லை என்பதை மனம் நோகாமல் சொல்லும் வழியாகவும் அமையும். குரலின் இழுப்பும் சூழலும் பொருளை முடிவு செய்கின்றன. கரீபியன் தீவுகள் சிலவற்றில் அது பெரும்பாலும் 'பிறகு' என்ற பக்கமே சாய்கிறது. மணி எண் இல்லாத இத்தகைய சொல்லை உறுதிமொழியாக எடுத்துக்கொள்வது கேட்பவரின் பிழை; சொன்னவர் எந்த நேரத்துக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

விருந்துக்கும் இதே அறிவு தேவை. லத்தீன் அமெரிக்காவின் பல நகரங்களில், வீட்டு விருந்துக்கு எட்டு மணி என்று அழைத்தால் எட்டரையை ஒட்டிப் போவதே பண்பு. சரியாக எட்டுக்குப் போனால் வீட்டார் இன்னும் சமையலறையில் இருப்பார்கள். அதே மனிதர் மருத்துவரிடம் போகும்போது பத்து நிமிடம் முன்னதாகவே போய் உட்கார்ந்திருப்பார்.

நேரம் தவறுதல் என்னும் குற்றச்சாட்டு

இந்தக் குற்றச்சாட்டு வெளியாரிடமிருந்து மட்டும் வரவில்லை. ஸ்பானிய எழுத்தாளர் மரியானோ ஹோசே தே லாரா 1833-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பதினைந்தே நாளில் வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று மாட்ரிட்டுக்கு வரும் பிரெஞ்சுக்காரர், 'நாளை வாருங்கள்' என்ற பதிலைக் கேட்டுக்கேட்டு மாதக்கணக்கில் அலைகிறார். லாரா கண்டித்தது அலுவலகங்களின் மெத்தனத்தை. அதைப் பின்வந்தோர் ஓர் இனத்தின் குணமாகவே விரித்துவிட்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் ஆய்வாளர்கள் இதை அளந்தார்கள். மானிடவியலாளர் எட்வர்ட் ஹால், ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று வரிசைப்படுத்தும் பண்பாடுகளையும், பல வேலைகளையும் மனிதர்களையும் ஒருசேரக் கையாளும் பண்பாடுகளையும் பிரித்துக் காட்டினார். லத்தீன் அமெரிக்கா இரண்டாம் வகை. உளவியலாளர் ராபர்ட் லெவினும் ஆரா நோரென்சயானும் 1999-ல் வெளியிட்ட ஆய்வு, 31 நாடுகளில் மக்கள் நடக்கும் வேகம், அஞ்சலகப் பணியாளர் தபால்தலை விற்க எடுக்கும் நேரம், வங்கிக் கடிகாரங்களின் துல்லியம் ஆகியவற்றை ஒப்பிட்டது. மெக்சிகோ கடைசி இடத்தில் வந்தது. இவ்வளவுகள் பயனுள்ளவைதான், ஆனால் அவை நகர வாழ்வின் வேகத்தை அளக்கின்றன. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறார்களா என்பதை அவை அளக்கவில்லை.

மொழிக்கும் கால உணர்வுக்கும் உள்ள உறவை ஆராய்ந்த வேறொரு முயற்சியும் இங்கே கருதத்தக்கது. காலத்தை 'நீண்டது' என்பதைவிட 'நிறைய' என்று சொல்லும் மொழி ஸ்பானியம். ஸ்வீடிஷ் மொழி நீளமாகச் சொல்கிறது. தமிழில் நீண்ட நேரம், நிறைய நேரம் இரண்டும் உண்டு. பைலுண்ட், அதனசோபோலஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2017-ல் வெளியிட்ட சோதனையில், திரையில் ஒரு கோடு நீள்வதையோ ஒரு கலம் நிரம்புவதையோ காட்டி, கடந்த நேரத்தை மதிப்பிடச் சொன்னார்கள். ஸ்வீடிஷ் பேசுவோரைக் கோட்டின் நீளமும், ஸ்பானியம் பேசுவோரைக் கலத்தின் நிறைவும் ஏமாற்றின. இரு மொழியும் அறிந்தவர்களிடம், எந்த மொழியில் கேட்கப்பட்டதோ அதற்கேற்ப விளைவு மாறியது. மொழி கால மதிப்பீட்டைத் தொடுகிறது என்பதற்கு இது நல்ல சான்று. இதிலிருந்து ஒரு மக்களின் ஒழுங்கைப் பற்றித் தீர்ப்பெழுத இடமில்லை.

எதிர்ச் சான்றுகளும் கண்முன் இருக்கின்றன. 1992-ல் மாட்ரிட்டுக்கும் செவில்லுக்கும் இடையே அதிவேக ரயில் வந்தது. 1994 முதல், அந்த ரயில் ஐந்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் கட்டணம் முழுவதையும் திருப்பித் தருவதாக ரயில் நிறுவனம் உறுதியளித்துப் பல ஆண்டுகள் அதைக் கடைப்பிடித்தது. ஆண்டின் கடைசி இரவில் மாட்ரிட்டின் புவெர்த்தா தெல் சோல் சதுக்கத்துக் கடிகாரம் பன்னிரண்டு முறை அடிக்கையில், ஒவ்வோர் அடிக்கும் ஒரு திராட்சையாக நாடே சேர்ந்து உண்கிறது. 1866-ல் இயங்கத் தொடங்கிய அந்தக் கடிகாரத்தோடு ஒரு நொடிகூடப் பிசகாமல் ஓடும் வழக்கம் அது.

தாமதம் உண்மையில் துன்பம் தரும் இடங்களில் அம்மக்களே அதை எதிர்த்திருக்கிறார்கள். எக்வடாரில் 2003 அக்டோபரில் ஒரு குடிமக்கள் அமைப்பு நேரந்தவறாமை இயக்கத்தைத் தொடங்கியது. ஒலிம்பிக் நடைப் போட்டியில் தங்கம் வென்ற ஜெஃபர்சன் பெரெஸ் அதற்குத் துணை நின்றார். பெருவில் 2007 மார்ச் 1 நண்பகலில் சங்குகளும் தேவாலய மணிகளும் ஒலிக்க, நாடு முழுவதும் கடிகாரங்களைச் சரிசெய்துகொள்ளுமாறு அரசு அழைத்தது. ஓர் அழைப்பால் பழக்கம் மாறிவிடாது. ஆனால் எங்கே நெகிழலாம், எங்கே நெகிழக் கூடாது என்ற பகுத்தறிவு அங்கே இருக்கிறது என்பதற்கு இவை சாட்சி.

கற்பிப்போருக்கும் கற்போருக்கும்

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தால் கற்பிக்கும் முறையில் மாற்றம் தேவை என்பது விளங்கும். கடிகாரப் பாடத்தை எண்ணோடு நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு நேரத்தையும் பொழுதோடும், இறுக்கச் சொல்லோடும், சந்திப்பின் வகையோடும் சேர்த்தே பயிற்றுவிக்க வேண்டும். மருத்துவமனை, அரசு அலுவலகம், நண்பர் வீடு என்ற மூன்று சூழல்களில் ஒரே எட்டு மணியை மூன்று விதமாகப் பேச வைக்கும் பயிற்சி, பத்துக் கடிகாரப் படங்களைவிட அதிகம் கற்றுத்தரும். ஸ்பெயின் வழக்கையும் அமெரிக்கக் கண்டத்து வழக்கையும் ஒருசேரக் காட்ட வேண்டும். ஸ்பானியம் பேசுவோரில் மிகப் பெரும்பாலோர் அமெரிக்கக் கண்டத்தில்தான் இருக்கிறார்கள்.

கற்பவர் உடனே கைக்கொள்ளத்தக்க பழக்கம் ஒன்றும் உண்டு. உரையாடலை முடிக்குமுன் நாள், மணி, பொழுது, இடம் நான்கையும் திருப்பிச் சொல்லி 'அப்படியானால் வியாழன் மாலை எட்டு மணிக்கு வாயிலில் கெதாமோஸ்' என்று உறுதி செய்துகொள்வது. எதிரிலிருப்பவர் அதோடு 'என் பூந்தோ'வைச் சேர்க்கிறாரா, 'இ பீக்கோ'வைச் சேர்க்கிறாரா என்று செவிகொடுத்துக் கேட்டால், எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பது தெரிந்துவிடும். நேரம் குறிப்பது ஒருவர் மற்றவருக்குத் தரும் வாக்கு. அந்த வாக்கின் அளவைச் சொல்வதற்கு ஸ்பானிய மொழி நுட்பமான சொற்களை வைத்திருக்கிறது. அவற்றைக் கல்லாமல் அம்மக்களின் நேர ஒழுங்கைப் பற்றிப் பேச நமக்கு உரிமையில்லை.